சேமித்தாயிற்று என்று போன் சொன்ன பிறகு

பாட்டரி 28 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த போன், கேமரா ஃபிளாஷ் மின்னியதும் பொட்டென்று அணைந்துபோகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் திரும்ப உயிர் வருகிறது. படங்கள் இருக்கின்றன, நம்பர்கள் இருக்கின்றன. தப்பித்தோம் என்று மூச்சு விடும்போது, சற்று முன் பதிந்து வைத்த மொய்க் கணக்கு மட்டும் திறக்க மறுக்கிறது. அல்லது திறக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இப்படியொரு புகார் காதில் விழும்: “ரீஸ்டார்ட் ஆச்சுண்ணே, அதுக்கப்புறம் ஃபைல் ஓப்பன் ஆகல.”

பழி ரீஸ்டார்ட்டின்மேல் விழுகிறது. பெரும்பாலும் அந்தக் கோப்பு அதற்குச் சில விநாடிகள் முன்பே கெட்டுப்போயிருக்கும். போன் மறுபடி எழுந்தபோது அது நமக்குத் தெரியவந்தது, அவ்வளவுதான். ‘சேமித்தாயிற்று’ என்று திரை சொல்லும் நேரத்துக்கும், எழுத்து உண்மையிலேயே சில்லுக்குள் பதியும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. கோப்புகள் சாவது அங்கேதான். அந்த இடைவெளியில் ஒவ்வொரு படியாக இறங்கித் தேடிப் போனால், ஆப், இயங்குதளம், நினைவுச் சில்லு எல்லாம் தாண்டி, காரைக்குடிக்காரர்கள் எழுபது ஆண்டுகளாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவரும் ஒரு துறையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, கெட்டுப்போன கோப்பை அழிக்காமல் வைத்துக்கொள்வது. ஆத்திரத்தில் டிலீட் செய்துவிட்டால் தடயமும் சேர்ந்து போய்விடும். போனுக்குள் படம், பாட்டு, கடிதம் எல்லாமே 0 முதல் 255 வரையிலான எண்களாகத்தான் கிடக்கின்றன. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். அந்த எண்களை அப்படியே வரிசையாகக் காட்டும் இலவச ஆப்கள் உண்டு. அதில் திறந்தால், கோப்பு எப்படிச் செத்தது என்பது ஓரளவு கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கேமரா எடுக்கும் ஜேபெக் படம் 255, 216 என்ற இரண்டு எண்களில் தொடங்கும். 255, 217 என்று முடியும். தொடக்கம் சரியாக இருந்து முடிவு இல்லாவிட்டால் எழுத்து பாதியில் நின்றிருக்கிறது. மேல்பாதியில் மணப்பெண் முகமும் கீழ்ப்பாதியில் வெறும் சாம்பல் நிறமுமாக நிற்கும் படங்கள் இந்த வகை. வீடியோவில் கொடுமை இன்னும் அதிகம். எம்பி4 வீடியோவில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலான போன்கள் பதிவை நிறுத்திய பிறகே எழுதுகின்றன. நடுவில் போன் அணைந்தால், ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவின் காட்சிகள் பெரும்பாலும் அப்படியே உள்ளே கிடக்கும். அட்டவணை மட்டும் இருக்காது. எந்தப் பிளேயரும் திறக்காது. இவற்றை மீட்க முடியும். அதே போனில் எடுத்த இன்னொரு நல்ல வீடியோவை மாதிரியாக வைத்து அட்டவணையைப் புதிதாகக் கட்டித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ‘கரப்ட்’ என்ற ஒரே சொல்லைப் பார்த்துக் கைவிட்டுவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனி அடையாளம் ஒன்று இருக்கிறது. இன்று எல்லாப் போன்களும் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில், ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘க’ என்பது 224, 174, 149. ‘காரைக்குடி’ என்று எழுதினால், துணைக்கால், புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகளாக எண்ணப்பட்டு மொத்தம் பத்துக் குறி, முப்பது பைட். தமிழ்க் குறி எதுவானாலும் முதல் எண் 224. இரண்டாவது எண் 174 அல்லது 175. ஆகவே எண்களின் காட்டில் 224, 174 என்று திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தமிழ் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பெயரும் முகவரியும் இழந்து சிதறிக் கிடக்கும் துண்டுகளிலிருந்து ஒரு தமிழ்க் கடிதத்தைப் பொறுக்கி எடுக்க இது உதவும்.

இன்னொன்றுக்கும் உதவும். போன்கள் பொதுவாக எழுத்துகளை 4,096 பைட் கொண்ட கட்டங்களாகத்தான் நினைவகத்துக்கு அனுப்புகின்றன. 4,096 மூன்றால் மீதியின்றி வகுபடாது. அதனால் நீளமான தமிழ்க் கோப்பு ஒரு கட்டத்தின் எல்லையில் அறுபட்டால், பல சமயம் ஒரு குறியின் நட்டநடுவில் அறுபடும். திரையில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். எந்த இடத்தில் வெட்டு விழுந்தது என்பதைத் தமிழ் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலக் கோப்பில் இந்தத் தடயம் கிடைக்காது.

பாதியில் அறுந்ததைத் தவிர வேறு சில விதங்களிலும் கோப்பு சாகும். நீளம் பூஜ்யமாகிப் பெயர் மட்டும் நிற்பது ஒன்று. நீளம் மிகச் சரியாக இருந்தும் உள்ளே தொடக்கம் முதல் கடைசி வரை 0, 0, 0 என்று மட்டும் இருப்பது இன்னொன்று. மூன்றாவது வகை விசித்திரமானது: கோப்பு நன்றாகத் திறக்கும், ஆனால் நேற்றைய நிலையில் இருக்கும். காலையில் சேர்த்த பத்து வரிகள் பிறக்கவே இல்லை என்பதுபோல. ஒவ்வொன்றும் வெவ்வேறு படியில் நடந்த விபத்து.

முதலில் இயங்குதளத்தைப் பார்ப்போம். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். ஆப் ‘இதை எழுது’ என்றதும் லினக்ஸ் அதை ராம் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, உடனே ‘ஆயிற்று’ என்று பதில் சொல்லிவிடும். ராமில் மின்சாரம் இருக்கும்வரைதான் எழுத்து இருக்கும். சில்லில் எழுதும் வேலை பின்னால் நடக்கிறது: லினக்ஸின் வழக்கமான அமைப்பில், எழுதும் பணியாள் ஐந்து விநாடிக்கு ஒருமுறை விழித்து, முப்பது விநாடிக்கு மேல் காத்திருக்கும் கட்டங்களை அனுப்புவான். இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. ஒரே கோப்பை ஒரு விநாடியில் இருபது முறை மாற்றும் ஆப்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சில்லைத் தொட்டால் போன் ஆமையாகிவிடும், சில்லும் சீக்கிரம் தேயும். நாமாகவே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் லினக்ஸ் காத்திருப்பதையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் கண்ணை மூடும். திடீரென்று அணையும்போதுதான் அந்த முப்பது விநாடி கைவிட்டுப் போகிறது.

போனால் போகட்டும், முப்பது விநாடி வேலைதானே என்று தோன்றலாம். எழுத்து எந்த வரிசையில் போய்ச் சேர்கிறது என்பதில்தான் பெரிய ஆபத்து. இதைப் புரிந்துகொள்ளச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார் எப்படிக் கணக்கு எழுதினார்கள்? கொடுக்கல் வாங்கல் நடந்ததும் முதலில் குறிப்பேட்டில், நடந்த வரிசைப்படி ஒரு வரி. பிறகுதான் அதைப் பேரேட்டில் அவரவர் பற்று வரவில் எடுத்தெழுதுவது. பேரேடு எழுதும்போது பாதியில் எழுந்து போக நேர்ந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறிப்பேட்டு வரியே முடியாமல் நின்றிருந்தால், பேரேட்டில் அது ஏறியிருக்காது. அந்த வரியை அடித்துவிட்டால் கணக்கு பழைய நிலையில் ஒழுங்காக நிற்கும். ஆண்ட்ராய்டு போன்களில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை இதையேதான் செய்கிறது. சில்லின் ஓர் ஓரத்தில் குறிப்பேடு ஒன்று வைத்து, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் அதில் எழுதி முடித்து முத்திரை வைத்துவிட்டு, பிறகு உரிய இடத்தில் எழுதுகிறது. திடீரென அணைந்த போன் எழுந்ததும் முதலில் குறிப்பேட்டைப் புரட்டும்: முத்திரை உள்ள வரிகளை நிறைவேற்றும், முத்திரையில்லாதவற்றைத் தள்ளிவிடும்.

ஒரு முக்கியமான குறை இருக்கிறது. வேகத்துக்காக எக்ஸ்ட்4 வழக்கமாகக் குறிப்பேட்டில் எழுதுவது கோப்பின் பெயர், நீளம், எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற விவரங்களை மட்டும்தான். கோப்பின் உள்ளடக்கம் அதில் வராது.

இந்தக் குறை பெரிய கலாட்டாவாக வெடித்தது 2009 தொடக்கத்தில். எக்ஸ்ட்4 அப்போதுதான் சோதனை நிலை தாண்டி லினக்ஸில் நிலைபெற்றிருந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் அடுத்த பதிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள், கம்ப்யூட்டர் உறைந்து மறுபடி தொடங்கினால் அமைப்புக் கோப்புகள் கூட்டம் கூட்டமாகப் பூஜ்ய நீளத்துக்குப் போவதைக் கண்டார்கள். எக்ஸ்ட்4-ஐ உருவாக்கிப் பராமரித்த தியோடர் ட்சோ காரணத்தை விளக்கினார். பல ஆப்கள் ஒரு கோப்பைப் புதுப்பிக்க, முதலில் பழைய உள்ளடக்கத்தை வெட்டி நீளத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுப் புதியதை எழுதுகின்றன. ‘நீளம் பூஜ்யம்’ என்ற விவரம் ஐந்து விநாடிக்குள் குறிப்பேட்டில் ஏறிவிடும். புதிய உள்ளடக்கத்துக்குச் சில்லில் இடம் ஒதுக்குவதையே எக்ஸ்ட்4 முடிந்தவரை தள்ளிப்போடும். நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. முந்தைய எக்ஸ்ட்3-இல் இந்த இடைவெளி சில விநாடிகள்தான் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. இடைவெளி நீண்டதும் பல ஆண்டுகளாக ஒளிந்திருந்த பிழை வெளியே வந்தது. ஆப் எழுதுபவர்கள் தவறா, கோப்பு முறைமையின் தவறா என்று நடந்த சண்டையில் ட்சோ இரண்டையும் செய்தார்: சரியான முறை எது என்று விளக்கினார், அதோடு, தவறாக எழுதும் ஆப்களையும் காப்பாற்றும் திருத்தத்தை லினக்ஸ் 2.6.30-இல் சேர்த்தார். நியாயம் ஒரு பக்கம் இருந்தாலும், நஷ்டம் கோப்பை இழந்தவருக்குத்தான் என்று அவர் நினைத்தது சரி என்பதே என் கருத்து. அடுத்த ஆண்டு டிசம்பரில் நெக்ஸஸ் எஸ் போனோடு ஆண்ட்ராய்டும் எக்ஸ்ட்4-க்கு வந்தபோது, கூகுள் இதே எச்சரிக்கையை ஆப் எழுதுபவர்களுக்கு விடுத்தது.

சரியான முறை இதுதான். பழைய கோப்பைத் தொடக் கூடாது. புதியதை வேறு பெயரில் எழுது. ‘இப்போதே சில்லில் பதி, பதிந்த பிறகே பதில் சொல்’ என்ற ‘எஃப்சிங்க்’ கட்டளையைக் கொடு. பதில் வந்த பிறகு புதிய கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டு. எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுசாக இருக்கும். இந்த மூன்று படிகளை ஒழுங்காகச் செய்கிற ஆப்பும் செய்யாத ஆப்பும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் விபத்தன்றுதான் தெரியும்.

எத்தனை பேர் ஒழுங்காகச் செய்கிறார்கள்? அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாதன் அழகப்பன் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 2014-இல் இதை முறையாகச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரு மென்பொருள் வட்டில் செய்யும் வேலைகளைப் பதிவு செய்துகொண்டு, ‘இந்தக் கணத்தில் மின்சாரம் போயிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்’ என்று சாத்தியமான நிலைகளைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். அதற்கு ஆலிஸ் என்று பெயர். தரவுத்தளங்கள் உட்பட உலகம் நம்பிப் பயன்படுத்தும் பதினொரு மென்பொருள்களைச் சோதித்ததில் 60 பலவீனங்கள் அகப்பட்டன. ஒரு கோப்பு முறைமையில் தப்பித்துக்கொள்ளும் மென்பொருள் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறது என்பதும் தெரிந்தது.

விஜய் சிதம்பரம் பிறகு ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களோடு கோப்பு முறைமைகளையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார். ஜெயஸ்ரீ மோகன் முதல் ஆசிரியராக 2018-இல் வெளியான அந்த ஆய்வின் கருவிக்குக் கிராஷ்மங்கி என்று பெயர். லினக்ஸின் முதிர்ந்த கோப்பு முறைமைகளில் பத்துப் புதிய பிழைகள் கிடைத்தன. அவற்றில் ஏழு 2014 முதல் அங்கேயே இருந்தவை. போன்களுக்காகவே சாம்சங் உருவாக்கிய எஃப்2எஃப்எஸ்ஸும் பிழை அகப்பட்டவற்றில் ஒன்று. எஃப்சிங்க் கொடுத்து உறுதியாகப் பதிந்ததாக நினைத்த கோப்புகூடக் காணாமல் போகக்கூடிய பிழைகள் இருந்தன. என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது அவர்கள் கண்ட இன்னோர் உண்மை: இந்தப் பிழைகளைக் கிளப்பச் சிக்கலான சூழ்நிலை தேவையில்லை. காலியான வட்டில் மூன்றே மூன்று வேலைகள், பிறகு ஒரு மின்வெட்டு. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றை அவ்வளவு சின்னச் சோதனையிலேயே பிடித்துவிட முடிந்தது.

இயங்குதளத்துக்குக் கீழே சில்லு. போனில் உள்ள ஃபிளாஷ் நினைவகம் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்தது. ஒவ்வொரு சிற்றறையிலும் எலெக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைத்து, எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று அளந்து தகவலைப் படிக்கிறார்கள். இப்போதைய சில்லுகளில் ஓர் அறையில் மூன்று பிட் என்பது சாதாரணம்; அதற்கு எட்டு வெவ்வேறு மின்னூட்ட அளவுகளைத் துல்லியமாகப் பிரித்தறிய வேண்டும். எழுதும்போது மின்னூட்டத்தைக் கொஞ்சம் ஏற்றி, அளந்து பார்த்து, மறுபடி கொஞ்சம் ஏற்றி என்று படிப்படியாகத்தான் போக முடியும். நடுவில் மின்சாரம் போனால் அறை எந்த அளவிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கும்.

2011-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில்லுகளை வெளியே எடுத்து, எழுதும்போது வேண்டுமென்றே மின்சாரத்தை வெட்டி அளந்தார்கள். ஒரே அறையில் இருக்கும் இரண்டு பிட்களில் ஒன்று ஒரு கோப்புக்கும் மற்றது வேறொரு கோப்புக்கும் சொந்தமாக இருக்கலாம். இரண்டாவதை எழுதும்போது மின்சாரம் போனால், முன்பே நல்லபடியாகப் பதிந்து முடிந்த முதல் பிட்டும் கெட்டுவிடும். அதாவது இன்று எழுதிய மொய்க் கணக்கு பாதியில் நின்றதற்கு, எழுதி முடித்துத் தொடாமல் கிடந்த வேறேதோ ஒரு கோப்பு பலியாகலாம். அதைவிட மோசம், பாதியில் நின்ற எழுத்து அப்போதைக்குச் சரியாகப் படிக்கக் கிடைத்தாலும், நாள்பட நாள்பட மற்றவற்றைவிடச் சீக்கிரம் அழிந்துபோவதும் அவர்கள் அளவீட்டில் தெரிந்தது. நல்ல தயாரிப்பாளர்கள் சில்லின் கட்டுப்பாட்டு மென்பொருளில் இதற்கெல்லாம் காப்பு வைக்கிறார்கள். ஆனாலும் 2013-இல் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து கம்ப்யூட்டர்களுக்கான பதினைந்து ஃபிளாஷ் வட்டுகளை (எஸ்எஸ்டி) மின்வெட்டுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, பதின்மூன்றில் ஏதேனும் ஒரு கோளாறு வந்தது.

நேற்றைய நிலைக்குத் திரும்பும் கோப்பின் மர்மமும் இங்கே அவிழ்கிறது. ஃபிளாஷில் எழுதியதன்மேல் நேரடியாகத் திருத்தி எழுத முடியாது. புதியதைச் சில்லு வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, ‘இந்தக் கோப்பு இப்போது அங்கே இருக்கிறது’ என்று தன் உள்வரைபடத்தில் மாற்றிக்கொள்ளும். வரைபடம் பதியும் முன் மின்சாரம் போனால், எழுந்ததும் பழைய வரைபடத்தைப் பார்த்துப் பழைய இடத்தையே காட்டும்.

மெமரி கார்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார்டுகளில் உள்ள ஃபேட் முறைமை 1977-இல் பிறந்தது, குறிப்பேடே இல்லாதது. திடீரென அணைந்த போன் எழுந்ததும் கார்டைச் சோதித்து, சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை ‘லாஸ்ட் டிர்’ என்ற கோப்புறையில் எண் பெயர் வைத்துப் போட்டுவிடும். பலர் அதைக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். காணாமல் போன படம் அதற்குள்தான் இருக்கலாம். அந்த எண் பெயருக்குப் பின்னால் படத்துக்கான விகுதியைச் சேர்த்துத் திறந்து பார்க்க வேண்டும்.

இத்தனை படிகளில் நம் போனில் குற்றவாளி எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. விநாடிக்கு ஒரு வரி எழுதும் சின்ன நிரல் ஒன்று போதும்: வரிசை எண், நேரம், அந்த வரியின் எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புத் தொகை. எழுதிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, எழுந்த பிறகு கோப்பைப் பார்க்க வேண்டும். கடைசி வரிகள் மட்டும் காணவில்லை என்றால் ராமில் காத்திருந்தவை போயின. நடுவில் ஓட்டை விழுந்தாலும், வரியின் எழுத்துக்கும் சரிபார்ப்புத் தொகைக்கும் ஒத்துப்போகாவிட்டாலும் சில்லையோ கார்டையோ சந்தேகிக்கலாம். நாமே முறைப்படி ரீஸ்டார்ட் கொடுத்தும் வரிகள் கெட்டால் மின்வெட்டுக்கு இதில் சம்பந்தமில்லை. கார்டு போலியாக இருக்கலாம், சில்லு தேய்ந்திருக்கலாம்.

படிப்படியாக விலக்கிப் பார்ப்பதன் அருமையை நாசா செவ்வாயில் காட்டியது. 2004 ஜனவரி 4-இல் அங்கே இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, 21-ஆம் தேதி தாறுமாறாகப் பேச ஆரம்பித்தது. அது தானாகவே ரீபூட் ஆகி, எழுந்து, மறுபடி விழுந்துகொண்டிருந்தது, அறுபது முறைக்கும் மேல். இரவில் உறங்காமல் பாட்டரியையும் கரைத்தது. அதனிடம் இருந்தது 256 மெகாபைட் ஃபிளாஷ், அதில் ஃபேட் வகைக் கோப்பு முறைமை. விழித்ததும் கோப்புகளின் பட்டியலை ராமில் ஏற்றும். பயணத்தின்போது சேர்ந்த கோப்புகளால் பட்டியல் வீங்கி, ஒதுக்கிய இடம் போதாமல் போனது. இடம் போதாவிட்டால் ரீபூட். எழுந்தால் திரும்ப அதே பட்டியல். பொறியாளர்கள் ‘ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு’ என்று கட்டளை அனுப்பினார்கள். ஸ்பிரிட் ஒழுங்காக எழுந்தது. கோளாறு எந்தப் படியில் என்பது அந்த ஒரு கட்டளையிலேயே உறுதியாகிவிட்டது. பிப்ரவரியில் ஃபிளாஷைத் துடைத்துப் புதிதாக்கினார்கள். அதன்பின் ஆறு ஆண்டுகள் உழைத்தது அந்த ஊர்தி. நம் போனில் உள்ள சேஃப் மோடும் இதே யோசனைதான்: நாம் ஏற்றிய ஆப்களைத் தொடாமல் எழுப்பிப் பார்ப்பது.

சேஃப் மோடில் வைத்தும் போன் தானாக அணைந்தால்? ஆப்களைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆண்ட்ராய்டு தான் கடைசியாக ஏன் அணைந்தது என்ற காரணத்தைக் குறித்து வைக்கும். கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து அதைப் படிக்கலாம். இயங்குதளம் தானே திணறி விழுந்திருந்தால் அது வேறு காரணமாகப் பதிவாகும். மின்சாரம் சட்டென்று அறுந்திருந்தால், எழுத நேரமே கிடைத்திருக்காது. இரண்டு மூன்று வருடம் உழைத்த போனில் இங்கேதான் விடை அடிக்கடி கிடைக்கிறது.

பாட்டரியில் 28 சதவீதம் இருக்கும்போது எப்படி மின்சாரம் அறும்? சதவீதம் சொல்வது எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை. எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியும் என்பது வேறு. அதைத் தீர்மானிப்பது பாட்டரியின் அகமின்தடை. பள்ளியில் படித்த ஓம் விதிதான். புது பாட்டரியின் அகமின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாஷும் பிராசசரும் சேர்ந்து ஒரு கணம் 3 ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் உள்ளேயே போய்விடும், 3.7 வோல்ட் 3.4 ஆகும், போன் தாங்கும். அதே பாட்டரி பழசாகி அகமின்தடை 0.3 ஓம் ஆனால் 0.9 வோல்ட் போய் 2.8 தான் மிஞ்சும். அந்த அழுத்தத்தில் போனின் மின் மேலாண்மைச் சில்லு தன் பாதுகாப்புக்காகத் துண்டித்துவிடும். ஆண்ட்ராய்டுக்குத் தகவல் சொல்லவும் அவகாசமில்லை. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் மறுபடி ஏறிவிடுவதால், எழுந்த போன் பழையபடி 28 சதவீதம் என்றே காட்டும். கேமரா, அழைப்பு, விளையாட்டு என்று சுமை எகிறும் நேரத்தில்தான் இது நடக்கும். அந்த நேரத்தில்தான் ராமில் நிறைய எழுத்தும் காத்திருக்கும். படம் எடுத்த கணத்திலேயே படம் கெடுவது இதனால்தான்.

இதை உலகமே பேசியது ஐபோனால். 2016-இல் ஐபோன் 6எஸ் போன்கள் சார்ஜ் இருக்கும்போதே அணைகின்றன என்ற புகார் பெருகியது. ஆப்பிள் அடுத்த ஜனவரியில் மென்பொருள் மூலம் பழைய பாட்டரி போன்களின் உச்ச வேகத்தைக் குறைத்தது. டிசம்பரில்தான் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, பாட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது.

அகமின்தடை ஏன் ஏறுகிறது என்ற கேள்வி காரைக்குடிக்கு அந்நியமானதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், ஊரார் வாயில் சிக்ரி, ஆராய்ந்துவரும் துறைகளில் பாட்டரியும் ஒன்று. உள்நாட்டிலேயே லித்தியம் அயனி பாட்டரி செய்யும் தொழில்நுட்பத்தை அங்கே உருவாக்கி, 2018 ஜூனில் ராசி சோலார் பவர் நிறுவனத்துக்குக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வேலையில் இருப்பவர்களுக்கு நாள்தோறும் பழகிய எதிரி, எதிர்மின்வாயாக உள்ள கிராஃபைட்டின்மேல் படியும் மெல்லிய படலம். முதல் சார்ஜிலேயே மின்பகுளி சிதைந்து இந்தப் படலம் உண்டாகிறது. அது இல்லாவிட்டால் பாட்டரி நிலைக்காது. அது தடித்துக்கொண்டே போனால் லித்தியம் அயனிகள் நுழையச் சிரமப்படும், மின்தடை ஏறும். வெப்பம் இதை விரைவுபடுத்தும். முழு சார்ஜில் வைத்திருப்பதும் விரைவுபடுத்தும். அக்னி நட்சத்திர வெயிலில், பைக் டேங்கின்மேல் உள்ள பையில், நூறு சதவீதம் சார்ஜோடு கிடக்கும் போனுக்கு இரண்டும் சேர்ந்து நடக்கின்றன.

பாட்டரியைப் பிரிக்காமலே இந்தப் படலத்தின் தடையை அளக்கலாம். மிகச் சிறிய மாறுமின்னோட்டத்தை, விநாடிக்கு ஆயிரக்கணக்கான அதிர்விலிருந்து மெல்ல மெல்லக் குறைத்து, பாட்டரி ஒவ்வோர் அதிர்வுக்கும் எப்படி எதிர்வினை செய்கிறது என்று வரைபடத்தில் குறிப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் அரைவட்டங்கள் கிடைக்கும். பாட்டரி கிழடாக ஆக அரைவட்டம் பெரிதாகும். மின்பகுளியின் தடை எவ்வளவு, மின்வாயின் மேற்பரப்பில் எவ்வளவு என்று அந்த ஒரே படத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியும். மின்வேதியியல் ஆய்வகங்களின் அன்றாடக் கருவி இது.

சர்வீஸ் கடையில் அந்தக் கருவி இருக்காது, வீட்டிலும் இருக்காது. அதற்குப் பதில் மேலே சொன்ன வரிசை எண் சோதனையை இரண்டு முறை நடத்தலாம். முதலில் பாட்டரி முப்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது, நிரல் எழுதிக்கொண்டிருக்க, டார்ச்சையும் கேமராவையும் போட்டு வீடியோ எடுக்க வேண்டும். போன் தானாக அணைந்து கடைசி வரிகள் காணாமல் போனால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல சார்ஜரைச் செருகி அதே சுமையைக் கொடுங்கள். இப்போது அணையாமல் வரிசை எண் முழுசாக ஓடினால், ஃபார்மட் செய்வதற்கோ, கார்டை மாற்றுவதற்கோ, மொய்க் கணக்கு ஆப்பைத் திட்டுவதற்கோ முன், பாட்டரியை மாற்றிவிட்டு முதல் சோதனையை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.